தவத்தின் சைக்கிளும் என்னுடைய நாலு சில்லும்

நாளையிலிருந்து நீங்கள் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாதையில் இறங்கப் போகிறீர்கள். உங்களில் சில பேர் சைக்கிளோடு, சில பேர் நாலு சில்லு வண்டியோடு. வண்டியை எப்படித் திருப்புவது, சேற்றில் புதைந்தால் எப்படி எடுப்பது என்பதையெல்லாம் காட்டித்தர ஆள் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கச் சொன்னார்கள். நான் கதைக்க வந்தது பொறாமையைப் பற்றி. ஒரே பாதையில் இரண்டு விதமான ஆக்கள் போனால் தூசிக்கு முதல் அதுதான் கிளம்பும். அந்தப் பாடத்தில் இந்தக் கரையில் என்னை விடப் படித்தவன் கிடையாது.

என் பெயர் ரொனி. மட்டக்களப்பு டவுனில், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பம். எங்கள் ஆக்கள் இரும்போடும் மரத்தோடும் வேலை செய்தவர்கள். நான் வள்ளத்து எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தேன். வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் விடுதி வைத்திருந்த முதலாளி ஒருவர் உல்லாசப் பயணிகளுக்கென்று, தடித்த நாலு சக்கரத்தோடு மோட்டர் சைக்கிள் மாதிரி ஏறி இருந்து ஓடுகிற இந்த நாலு சில்லு வண்டிகள் சிலதை இறக்கினார். அதைப் பார்க்கவும், விருந்தினருக்கு முன்னால் ஓடிக் காட்டவும் ஆள் தேடினார். போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் அந்த வண்டியில் ஏறி இருந்தபோது, இவ்வளவு காலமும் நான் வேறு யாருடைய வேலையையோ செய்திருக்கிறேன் என்று தோன்றியது. அவ்வளவு பிடித்துவிட்டது.

விடுதியில் எனக்கு முன்பே தவம் இருந்தான். சைக்கிள் பயணம் அவன் பொறுப்பு. என்னை விட இளையவன், ஒல்லி, கதை குறைவு. வவுணதீவுக்கு உள்ளே பிறந்து வளர்ந்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவாக் கிடக்கு அண்ணன்" என்றான். அவ்வளவுதான். அவன் பொறாமைப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். அவன் போய்ச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடத் தொடங்கிவிட்டான். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

பாதையை உங்களுக்குத் தெரியும். விடுதியிலிருந்து கிரவல் ரோட்டால் வட்டைக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அதற்கு மறுகா, கொஞ்ச தூரத்தில் தாம்போதி வரும். வாய்க்கால் குறுக்கே ஓடுகிற இடத்தில் போட்ட தாழ்ந்த கொங்கிறீட் பாதை அது. மழைக்காலத்தில் தண்ணீர் அதற்கு மேலால் ஓடும். தாம்போதியைக் கடந்தால் மேய்ச்சல் தரை. அங்கேதான் பூமணி அக்காவின் எருமைப் பட்டி. திரும்பி வர இரண்டு வழி: வந்த வழியே வரலாம், இல்லாவிட்டால் குளக்கட்டில் ஏறி வளைந்து வரலாம். குளக்கட்டுத்தான் இந்தப் பாதையிலேயே நல்ல இடம். ஒரு பக்கம் தாமரை, மற்றப் பக்கம் நெல், அதற்கு அங்கால் வாவி. எந்த வெயிலிலும் காற்று இருக்கும்.

அந்தக் கட்டில் என் வண்டி ஏறக் கூடாது.

தொடக்கத்தில் ஏறித்தான் ஓடினோம். சில்லு பட்ட இடமெல்லாம் கட்டு வரிவரியாக வெட்டுப்பட்டது. கமக்காரர் அமைப்பின் தலைவர் விடுதிக்கு வந்து முதலாளியிடம் சொன்னார்: "சைக்கிள் போகட்டும், மாடு போகட்டும், மனிசன் போகட்டும். இந்தச் சாமான் மட்டும் எங்கட கட்டில ஏறப்படாது." அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கட்டு உடைந்தால் அவர்களுடைய ஒரு போகம் முழுக்கப் போய்விடும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் மேய்ச்சல் தரையில் நின்று, தவத்தின் ஆக்கள் கட்டில் ஏறி வரிசையாகப் போவதைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு எரியும். என் விருந்தினர் கேட்பார்கள், "அங்க போகேலாதா?" என்று. "ஏலாது" என்பேன். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இன்னும் இருக்கிறது. பூமணி அக்கா தவத்தை "மருமகன்" என்று கூப்பிடுவா. சொந்தமோ இல்லையோ, அந்தப் பக்கம் அவனுக்கு எல்லாரும் மாமா, மாமி, மச்சான்தான். அவன் கூட்டி வருகிற விருந்தினருக்குச் சிரட்டையில் தயிர் போட்டு, தேன் விட்டுக் கொடுப்பா. என் வண்டிச் சத்தம் கேட்டால் எருமை பாலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று எங்களைத் தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவா. எனக்குப் பெயர் "மோட்டர்காரர்". வட்டைக்குள் வேலை செய்கிறவர்கள் சைக்கிளைக் கண்டால் நிமிர்ந்து நின்று கதைப்பார்கள். எங்களைக் கண்டால் சால்வையை எடுத்து மூக்கைப் பொத்துவார்கள்.

ஒரு முறை கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை, வண்டி ஓடி முடிந்து, முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக இறங்கினா. எனக்குச் சந்தோசம். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டா, "அங்கிள், நாளைக்கு அந்த சைக்கிள் அண்ணாவோட போக இடம் இருக்குமா?" இருக்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தனியே நின்றேன். அப்போது எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அந்த வயதில் ஒரு மனிதன் இதற்குப் போய் இப்படி நிற்பான் என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள். நிற்பான்.

நானும் தவமும் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டது ஒரு தடவைதான். வட்டைக்குள் பாதை ஒடுங்குகிற இடத்தில், பக்கத்தில் முள்ளுப்பற்றை. நான் வளைவால் வந்தேன். எனக்குப் பின்னால் மூன்று வண்டி, ஓடுகிற மூன்று பேரும் அன்றைக்குத்தான் முதல் முதல் ஏறியவர்கள். எதிரே தவத்தின் ஆக்கள். முன்னுக்கு வந்த ஒரு வயதான மனிதர் என் வண்டியைக் கண்ட பயத்தில் சைக்கிளோடு பற்றைக்குள் சரிந்தார். காயம் பெரிதில்லை, கை முழுக்க முள்ளுக் கீறல். நான் வாயைத் திறக்க முதல், தவம் பின்னாலிருந்து ஓடி வந்து அவரைத் தூக்கினான். மறுகா தன் ஆக்களைப் பார்த்து, "எல்லாரும் இறங்கிச் சைக்கிளைத் தூக்கி இஞ்சால வைங்க. அண்ணன்ட வண்டி பின்னுக்கு எடுக்க ஏலாது" என்றான். அவர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். நான் போனேன். வழி கிடைத்தது எனக்கு. ஆனால் என் விருந்தினர் மூன்று பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவனை.

அன்று பின்னேரம் நானே அவனிடம் போய்ச் சொன்னேன், இனிமேல் ஒடுக்கமான இடத்தில் சைக்கிளைக் கண்டால் நாங்கள்தான் நிற்பது, எஞ்சினையும் நிறுத்துவது, கடைசிச் சைக்கிள் கடந்த பிறகுதான் எடுப்பது என்று. "சரி அண்ணன்" என்றான். இன்றைக்கும் அந்த ஒழுங்குதான் நடக்கிறது. நாளைக்கு நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். சத்தமும் பாரமும் யாரிடம் கூடவோ அவர்தான் முதலில் நிற்க வேண்டும். ஏன் அப்படி என்று விருந்தினர் கேட்டால், பற்றைக்குள் விழுந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள், அது போதும். நான் அந்த ஒழுங்கை நல்ல மனதோடுதான் கொண்டுவந்தேன். ஆனால் வெயிலுக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டு, "குட் மோர்னிங், குட் மோர்னிங்" என்று ஒவ்வொருத்தராகச் சிரித்துக்கொண்டு போகிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் பாருங்கள், அதை நல்ல மனதோடு செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பொறாமைக்காரனுக்கு ஒரு விசயம் நன்றாக வரும்: மற்றவனைப் பார்ப்பது. தவம் ஏன் எப்போதும் கடைசியில் ஓடுகிறான் என்று பார்த்தேன். களைத்துப் பின்தங்குகிறவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்கும். வழி தெரியாதே என்று முன்னுக்குப் போகிறவர் கேட்டால், "பிழையாப் போனா நான் கூப்பிடுவன்" என்பான். அதனால் அவர்கள் தாங்களே வழி கண்டுபிடிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் நான் அவனிடம் கேட்டுப் படிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துப் படித்தேன்.

இனி அந்த மழை நாளைச் சொல்கிறேன்.

மாரி தொடங்குகிற காலம். காலையில் வானம் நன்றாகத்தான் இருந்தது. சுவிஸிலிருந்து வந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தவம் சைக்கிளில் போனான். இந்த நாட்டுத் தமிழ் ஆக்கள்தான், போர்க்காலத்தில் வெளியே போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஊர் பார்க்க வந்தவர்கள். அதில் சுகந்தி என்று ஒரு அம்மா, அவவின் கணவர், கணவரின் தம்பி, தம்பியின் மனைவி. எனக்கு அன்று ஓட்டம் இல்லை. கொட்டகையில் ஒரு வண்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன்.

மத்தியானம் கடந்து மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மேல் பக்கத்துக் காட்டிலும் கொட்டியிருக்க வேண்டும். வாய்க்கால் ஒரேயடியாக நிரம்பித் தாம்போதிக்கு மேலால் பாயத் தொடங்கியது. விடுதி முதலாளி குடையோடு ஓடி வந்தார். "ரொனி, தவத்திட ஆக்கள் அங்கால மாட்டிற்று. ஒரு அம்மா விழுந்து கால் உடைஞ்சிட்டாம். ரத்தம் நிக்குதில்லையாம். வண்டியை எடு."

எடுத்தேன். தாம்போதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வட்டையிலிருந்து கரையேறிய ஒரு கூட்டம் நின்றது. கமக்காரர் தலைவரும் நின்றார், தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு. தண்ணீர் சிவப்பாக, வைக்கோலையும் மரக்கிளையையும் இழுத்துக்கொண்டு ஓடியது. மழையில் அக்கரை தெரியவில்லை. என் வண்டியைக் கண்டதும் கூட்டத்தில் ஒருத்தர், "இந்தா, வந்திட்டுது. இது ஏறிப் போகும்" என்றார். எல்லாரும் வழி விட்டார்கள். அந்த வட்டை ஆக்கள் தாங்களாக எனக்கு வழி விட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது என் போன் அடித்தது. தவம். அவன் எனக்குப் போன் எடுத்ததே இல்லை.

மழைச் சத்தத்துக்குள் கத்திக் கேட்டான். "ரொனி அண்ணன், தாம்போதிக்கு அங்கால நிக்கிறீங்களா?"

"ஓம். ஆக்கள் எப்பிடி?"

"சுகந்தி அக்காட முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சிட்டு. சைக்கிள் சறுக்கிக் கல்லுல விழுந்திட்டா. நல்லா இறுக்கிக் கட்டியிருக்கன். ஆனா ரத்தம் ஊறுது. ஆள் வெளுத்துக்கொண்டு வாறா." கொஞ்சம் நிறுத்தினான். "அண்ணன், உங்கட வண்டி தாம்போதியால வருமா?"

தம்பிமார், தங்கச்சிமார், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஆசை வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை, தவத்துக்கு நான் தேவைப்பட வேண்டும். எல்லாரும் பார்க்க வேண்டும். பூமணி அக்கா பார்க்க வேண்டும். இந்தா, கேட்கிறான். கூட்டம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எஞ்சின் காலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் நான் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததையே கண்டுவிட்டேன், தண்ணீர் இரண்டு பக்கமும் பிளக்க.

ஆனால் வண்டி எனக்குத் தெரியும். அந்தத் தடித்த ரயருக்குள் முழுக்கக் காற்று. நின்ற தண்ணீரில் பரவாயில்லை. ஓடுகிற தண்ணீரில் அது சில்லு இல்லை, மிதவை. மிதந்துவிட்டால் பிரேக்கும் வேலை செய்யாது, கைபிடியும் வேலை செய்யாது. போகும்போது தப்பினாலும், ஒரு காயக்காரியை ஏற்றிக்கொண்டு திரும்பி வரவும் வேண்டும்.

"வராது" என்றேன்.

"என்ன அண்ணன்? கேக்கல்ல."

"வராது தவம்! தண்ணி தூக்கும். வராது."

போன் நின்றது. பக்கத்தில் நின்ற ஒருத்தர் சிரித்தார். "இவ்வளவு பெரிய சாமான். சைக்கிளைக் கலைக்கத்தான் சரி." முதலாளி போனில் வந்து, "என்ன ரொனி விளையாடுறியா, அது என்னத்துக்கு வாங்கின வண்டி?" என்று கத்தினார். டிரக்டர் கொண்டு வரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் முதல்தான் ஒரு டிரக்டர் பெட்டியோடு சரியப் பார்த்தது என்றார்கள். வள்ளம் விடுவதென்றால் வாவி அந்தக் காற்றில் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நின்றது.

மிச்சம் இருந்தது குளக்கட்டு. ஆளைச் சேலையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தால் இருட்டிவிடும், அதுவரைக்கும் அவவுக்குத் தாங்காது.

வண்டியிலிருந்து இறங்கித் தலைவரிடம் போனேன். "கட்டால போக விடுவீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழையில கட்டு ஊறி மாவாக் கிடக்கு மனே. நீ ஏறினாச் சில்லு வெட்டும். வெட்டின இடத்தால தண்ணி இறங்கினா, கீழ இந்த வட்டை முழுக்கப் போயிரும். விதைச்சு இன்னும் ஒரு மாசம் ஆகல்ல."

"அங்க ஒரு பொம்பிள ரத்தம் போய்க் கிடக்கிறா."

"எனக்குத் தெரியாதா? கட்டு உடைஞ்சாலும் பொம்பிளையள்தான் அழப் போறாளுகள்."

இரண்டு பேரும் மழைக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சொல்வதும் சரி, நான் கேட்பதும் சரி. அப்படிப்பட்ட நேரம் உங்களுக்கும் வரும். யாரும் கெட்டவர் இல்லாத நேரத்தில்தான் முடிவு எடுப்பது சரியான கஷ்டம்.

தலைவர் இடுப்பில் பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்திருந்த போனை எடுத்தார். "தவத்திட்டக் கேக்கிறன். அவன் சொன்னா விடுறன்."

என் உடம்பு நனைந்து குளிர்ந்திருந்தது. ஆனாலும் முகம் சுட்டது. வண்டி என்னுடையது, உயிர் என்னுடையது, போகிறவன் நான். எனக்கு வழி விடலாமா என்று அவனைக் கேட்கிறார்கள்.

தலைவர் கேட்டார், "மருமகன், இந்த டவுன்காரன் கட்டால வரப் போறானாம். விடலாமாடா?" கேட்டுக்கொண்டு நின்றார். தலையாட்டினார். போனை மறுபடி பைக்குள் கட்டினார். தவம் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்லவில்லை. "சரி" என்றார். "நான் முன்னால நடப்பன். நான் நடக்கிற அளவுக்குத்தான் நீ வரணும். என்னைத் தாண்டக் கூடாது."

அப்படித்தான் நடந்தது. உரப்பையைத் தலையில் போட்ட ஒரு மனிதர் முன்னால் நடக்க, வேகத்துக்கென்றே செய்த ஒரு வண்டி அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. எனக்குப் பின்னால் மண்வெட்டியோடு ஆக்கள், சில்லு அமர்ந்த இடமெல்லாம் மண் போட்டு மிதித்துக்கொண்டு வந்தார்கள். முதலாளி மறுபடியும் மறுபடியும் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை. அவர் கேட்கப் போவது "எங்க நிக்கிறாய்?" என்று. அதற்குப் பதில் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை.

பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சுகந்தி அம்மாவைப் பூமணி அக்காவின் குடிசைக்குள் கிடத்தியிருந்தார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி. தவம் அவவின் காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

தலைவர் சொல்லிவிட்டார், வண்டியில் ஓடுகிறவனும் காயக்காரியும் மட்டும், மூன்றாவது பாரம் கட்டில் ஏறக் கூடாது என்று. கணவர், "நான் வரவேணும், நான் வரவேணும்" என்று அழுதார். சுகந்தி அம்மா அவரைப் பார்க்கவில்லை. தவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க என்னைக் கொண்டு போங்கோ. எனக்கு இவரைத் தெரியாது" என்றா.

பாருங்கள், அந்த நேரத்திலும். அவ்வளவு தூரம் வந்து, அவவைக் கொண்டு போக நான் நிற்கிறேன். அவவின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அப்போதும் சுருக்கென்று குத்தியது.

தவம் குனிந்து சொன்னான். "அக்கா, எனக்கு இந்த வண்டி ஓடத் தெரியாது. இவர் ஓடுறதை நான் கன காலமாப் பாத்துக்கொண்டு வாறன். பயப்பிடாமப் போங்க. மற்ற ஆக்களை விட்டிற்று நான் வர ஏலாது."

கன காலமாகப் பார்க்கிறானாம். அந்தச் சொல்லை அப்போது யோசிக்க நேரம் இல்லை.

அவவை எனக்குப் பின்னால் ஏற்றினோம். மயக்கம் வந்தால் விழுந்துவிடுவா என்று பூமணி அக்கா கொடியில் கிடந்த தன்னுடைய சேலையை எடுத்து அவவையும் என்னையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினா. முடிச்சை இறுக்கும்போது, "பாத்துப் போ தம்பி" என்றா. பாதி வழி போன பிறகுதான் எனக்கு உறைத்தது, மோட்டர்காரர் என்று சொல்லவில்லை என்று.

திரும்பும்போது கட்டின் நடுவில்தான் அது நடந்தது. வந்த வழியே சில்லை வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் பின் சில்லுக்குக் கீழே மண் சரிந்தது. நண்டு வளை கிடந்திருக்க வேண்டும். வண்டி சரிந்து நின்றது. கீழே நெல். மற்றப் பக்கம் நிறைந்த குளம், அலை கட்டில் அடிக்கிறது.

சுகந்தி அம்மா என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "போங்கோ, போங்கோ" என்று முனகினா. எஞ்சினை முடுக்குகிற என் வலது பெருவிரல் துடித்தது. கொஞ்சம் அழுத்தினால் எஞ்சின் ஒரே இழுப்பில் வெளியே தூக்கிவிடும். அந்த வண்டியின் பலத்தை எனக்குத் தெரியும். ஆனால் தூக்க முதல் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த ஒரு சுற்றில் கட்டுக்குள் ஒரு முழம் தோண்டும்.

எஞ்சினை நிறுத்தினேன்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் கண்ட பயத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. நான் அழுத்தப் போகிறேன் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். "இறங்க ஏலாது, கட்டிக் கிடக்கு" என்றேன். "நீங்க தூக்குங்க. நான் அசைய மாட்டன்." மண்வெட்டியோடு வந்த ஆக்கள் உரப்பைகளில் மண்ணை நிரப்பிச் சரிந்த இடத்தில் அடுக்கி, வண்டியையும் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தோளால் தள்ளித் தூக்கி நடுவுக்குக் கொண்டு வந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் முதுகில் ஒரு மனிசி குளிர்ந்துகொண்டு வருகிறதை உணர்ந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய வேலை அந்தச் சும்மா இருந்ததுதான். உங்கள் கையில் பலம் இருக்கிறபோது அதை எடுக்காமல் இருப்பதற்குத்தான் கூடப் பழக்கம் வேண்டும்.

கட்டிலிருந்து இறங்கி, கிரவல் ரோட்டுக்கு வந்த பிறகு யாருடைய காலுக்கும் பின்னால் ஊரவில்லை. மெயின் ரோட்டில் அம்புலன்ஸ் நின்றது. சேலையை வெட்டித்தான் அவவை என்னிடமிருந்து பிரித்தார்கள்.

கால் தப்பியது. ஆளும் தப்பினா. கட்டும் தப்பியது. தலைவர் மறு கிழமை விடுதிக்கு வந்து, வாழைக்குலை ஒன்றை இறக்கி வைத்துவிட்டு முதலாளியிடம் சொன்னார், "அண்டைக்கு ஏறினது அண்டையோட சரி. இனியும் கட்டில வண்டி ஏறப்படாது." நான் கோபிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது, உங்களுக்கும்தான்.

சுகந்தி அம்மா ஆஸ்பத்திரியில் கட்டிலில் இருந்தபடி ஒரு படம் போட்டிருந்தா. விடுதியில் எல்லாரும் போனில் பார்த்தார்கள். பக்கத்தில் தவம், கையில் பழப் பையோடு, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். "என் உயிரைக் காத்த தவம் தம்பிக்கு" என்று எழுதியிருந்தா. கீழே என்னைப் பற்றியும் இருந்தது: "உடனடியாக வாகன வசதியும் செய்து தரப்பட்டது." நான்தான் அந்த வாகன வசதி. முதலாளி சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். இரவில் சாப்பாடு இறங்கவில்லை. அவ பாவம், மயக்கத்தில் கிடந்தவ, என் முகத்தையே ஒழுங்காகப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தா. இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அது வேலை செய்யவில்லை.

அடுத்த நாள் காலை கொட்டகையில் வண்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். தவம் சில்லு வளைந்த ஒரு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இறக்கி வைத்தான். போகாமல் நின்றான்.

"அண்ணன், உங்களுக்கு ஒண்டு சொல்லணும்."

படத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறான் என்று நினைத்து, "சொல்லு" என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"அண்டைக்கு உங்களுக்குப் போன் எடுக்கக்குள்ள நான் தண்ணிக்குள்ள நிண்டன்."

தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"முழங்காலுக்கு மேல தண்ணி. சுகந்தி அக்காவ முதுகில கட்டிக்கொண்டு கடந்திரலாம் எண்டு, முதல் நான் தனிய இறங்கிப் பாத்தன். இழுத்தது. ஆனா இன்னும் கொஞ்சம்தானே எண்டு ஒரு மனம். அதுதான் உங்களக் கேட்டன். உங்கட வண்டி வரும் எண்டு நீங்க சொல்லியிருந்தா, அப்ப தண்ணி அவ்வளவு மோசமில்ல, நானும் கடந்திருவன் எண்டு இறங்கியிருப்பன். நீங்க வந்து சேரும்வரைக்கும் நிண்டிருக்க மாட்டன்."

கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தேன்.

"வேற ஆர் வராது எண்டு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன், அண்ணன். அந்த வண்டியில உங்களுக்கு எவ்வளவு பெருமை எண்டு எனக்குத் தெரியும். நீங்களே வராது எண்டா, அது வராதுதான். திரும்பிக் கரையேறிட்டன்." சைக்கிள் சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "வீட்டில மனிசிட்டச் சொன்னன். அவ உங்களுக்கு ஒரு கும்பிடு சொல்லச் சொன்னா. நானும் சொல்லுறன்."

சொல்லிவிட்டு, வளைந்த சில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நிமிர்த்துகிற இடத்துக்குப் போய்விட்டான்.

எனக்கும் அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது. அன்றைக்குத் தலைவர் கட்டைத் திறந்தது என் முகத்துக்காக இல்லை, அவன் சொன்ன சொல்லுக்காக. அவன் விடுங்கள் என்று சொல்லியிருக்காவிட்டால் நானும் என் வண்டியும் தாம்போதிக்கு இந்தப் பக்கம் நின்று நனைந்துகொண்டு இருந்திருப்போம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று வரவில்லை; மறுநாளும் வரவில்லை; நான் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் வரவில்லை. மனதில் இருக்கிறதை இவ்வளவு லேசாக எடுத்துச் சொல்லிவிட்டுப் போகிறானே என்று, அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அவன் இன்னும் வேலையில்தான் இருக்கிறான். நாளைக் காலையில் நீங்கள் வரும்போது வாசலில் சைக்கிள்களுக்குக் காற்று அடித்துக்கொண்டு நிற்பான். நான் இப்போது சொன்னதை உங்களில் யாராவது அவனிடம் போய்ச் சொன்னால், நான் மறுக்க மாட்டேன்.